அட்லாண்டிக் சிட்டி: பக்கத்து ஊரில் கிடைக்காததை விற்றுப் பிழைத்த நகரம்

அமெரிக்கா பக்கமே போகாத கோடிக்கணக்கானோர் அட்லாண்டிக் சிட்டியில் சொத்து வாங்கியிருக்கிறார்கள். வீடு கட்டி, ஹோட்டல் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வாடகை வசூலித்து, கடைசியில் திவாலாகியும் இருக்கிறார்கள். மோனோபொலி விளையாட்டு அட்டையின் அமெரிக்கப் பதிப்பில் வரும் பால்டிக் அவென்யூ, பசிபிக் அவென்யூ, பார்க் பிளேஸ், போர்ட்வாக் எல்லாம் இந்த ஊரின் நிஜத் தெருக்கள். நம் வீடுகளில் கோடை விடுமுறையில் விரித்த 'பிசினஸ்', 'டிரேட்' அட்டைகளும் அந்த வம்சம்தான்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கடலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவே ஒல்லியாக நீண்டு கிடக்கும் அப்சீகன் என்ற மணல் தீவில் இருக்கிறது இந்த ஊர். பிலடெல்பியாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். நியூயார்க்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். 2020 கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் 38,500 பேர்தான். ஆனால் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள். அந்த ஊரின் கதையைப் படிக்கப் படிக்க ஒன்று புலப்படும். இந்த நகரம் ஒவ்வொரு முறையும் செழித்தது, பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தான் மட்டும் விற்றபோது. ஒவ்வொரு முறையும் விழுந்தது, அதே சரக்கு மற்ற ஊர்களிலும் கிடைக்க ஆரம்பித்தபோது.

டிக்கெட் விற்பதற்காக ஓர் ஊர்

பெரும்பாலான ஊர்கள் முதலில் தோன்றும், அப்புறம் ரயில் வரும். இங்கே தலைகீழ். 1850 வாக்கில் அப்சீகன் தீவில் சில குடும்பங்கள், மணல் மேடு, கொசு, இவ்வளவுதான். அதற்கு முன் லெனாபி பழங்குடியினர் கோடையில் மீன்பிடிக்க வந்து போவார்கள். எதிர்க்கரையில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஜோனதன் பிட்னி என்ற டாக்டருக்கு, இந்தக் கடற்காற்று நோயாளிகளைக் குணமாக்கும் என்ற நம்பிக்கை. இங்கே ஓர் ஆரோக்கிய நகரம் அமைக்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பணக்காரர்கள் போகும் கடற்கரையாக அதே மாநிலத்தில் கேப் மே ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. ஆனால் பிலடெல்பியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. பிட்னி கையில் எடுத்த வாதம் எளிமையானது: பிலடெல்பியாவிலிருந்து நேர்கோடு போட்டால் கடலைத் தொடும் இடம் இதுதான்.

1852-இல் கேம்டன் அண்ட் அட்லாண்டிக் ரயில் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. ரயில் கம்பெனிக்காரர்களே தனியாக ஒரு நில கம்பெனியும் தொடங்கி, தீவின் மணலை ஏக்கர் கணக்கில் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டார்கள். ரிச்சர்ட் ஆஸ்பார்ன் என்ற பொறியாளர் வரைபடம் போட்டு, ஊருக்குப் பெயரும் வைத்தார். கடலுக்கு இணையாக ஓடும் தெருக்களுக்குப் பசிபிக், அட்லாண்டிக், ஆர்க்டிக், பால்டிக், மெடிட்டரேனியன் என்று கடல்களின் பெயர். குறுக்குத் தெருக்களுக்கு அமெரிக்க மாநிலங்களின் பெயர். நாட்டில் யார் வந்து இறங்கினாலும் தன் மாநிலத்தின் பெயரில் ஒரு தெரு இருக்கும். விளம்பரம் என்ற கலையை இந்த ஊர் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்துவிட்டது.

1854 ஜூலை 1 அன்று முதல் ரயில் சுமார் 600 விருந்தினர்களுடன் வந்து சேர்ந்தது. பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கேம்டனிலிருந்து இரண்டரை மணி நேரம். வந்தவர்களுக்குச் சாப்பாடு, பேச்சு, அப்புறம் கடற்கரையில் உலா. அதையடுத்து நில விற்பனை.

ஆனால் ஊரை ஊராக்கியது 1877-இல் வந்த இரண்டாவது ரயில் பாதை. போட்டிக் கம்பெனி ஒன்று குறுகிய பாதையை மூன்றே மாதத்தில் போட்டு முடித்தது. உடனே டிக்கெட் விலை சரிந்தது. அதுவரை பணக்காரர்களின் உல்லாசமாக இருந்த கடல், பிலடெல்பியாவின் ஆலைத் தொழிலாளிக்கும் தையற்காரிக்கும் எட்டியது. வாரத்தில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி, கடலில் கால் நனைத்து, இரவுக்குள் வீடு திரும்பலாம். 1880-இல் சுமார் 5,500 ஆக இருந்த மக்கள்தொகை 1900-இல் 28,000 ஆனது. 1930-இல் 66,000. அதுதான் உச்சம், அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கையை இந்த ஊர் பார்க்கவே இல்லை.

மணலைத் தடுக்கப் போட்ட பலகை

அட்லாண்டிக் சிட்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் போர்ட்வாக், அழகுக்காகப் போட்டது கிடையாது. கடற்கரையில் நடந்துவிட்டு வருபவர்கள் காலிலும் பாவாடை விளிம்பிலும் மணலை அள்ளிக்கொண்டு வந்து, ரயில் இருக்கைகளையும் ஹோட்டல் கம்பளங்களையும் பாழாக்கினார்கள். அலெக்சாண்டர் போர்ட்மேன் என்ற ரயில் கண்டக்டரும் ஜேக்கப் கைம் என்ற ஹோட்டல்காரரும் நகரசபையிடம் மனு கொடுத்தார்கள்: மரப்பலகையில் ஒரு நடைபாதை போட்டுவிட்டால் மணல் அங்கேயே உதிர்ந்துவிடும். 1870 ஜூனில் முதல் போர்ட்வாக் திறந்தது. அகலம் எட்டு அடி. குளிர்காலம் வந்தால் பலகைகளைக் கழற்றி அடுக்கி வைத்துவிடுவார்கள். புயல் பலமுறை பிய்த்துப் போட, ஒவ்வொரு முறையும் முன்பைவிட அகலமாகக் கட்டினார்கள். 1896-இல் இரும்புத் தூண்கள் வந்தன. இன்று நகர எல்லைக்குள் மட்டும் சுமார் நான்கு மைல். பக்கத்து வென்ட்னர் ஊரையும் சேர்த்தால் ஐந்தரை மைல்.

துப்புரவுக்காகப் போட்ட பலகைதான் ஊரின் பெரிய மூலதனமானது. ஏன் என்று யோசித்தால் விஷயம் இருக்கிறது. கடலில் குளிக்க ஆண்டுக்கு மூன்று மாதம்தான் தோது. நடப்பதற்கு ஆண்டு முழுதும் முடியும். நடப்பவர் கண்ணில் படும் ஒவ்வோர் அடியும் கடை வாடகை. பிரம்பு நாற்காலியில் சக்கரம் வைத்து, ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் 'ரோலிங் சேர்' 1880களில் நோயாளிகளுக்காக வந்தது. சீக்கிரமே திடகாத்திரமானவர்களும் ஏறி உட்கார ஆரம்பித்தார்கள். ஆலையில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கும் ஒருவர், சில சில்லறைக் காசுகளுக்கு ஒரு மணி நேரம் ஜமீன்தாராக வலம்வர முடிந்தது. தள்ளியவர்கள் பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

சால்ட் வாட்டர் டாஃபி என்ற ஜவ்வு மிட்டாயும் அதே காலத்துச் சரக்கு. புயலில் கடல்நீர் கடைக்குள் புகுந்து மிட்டாயெல்லாம் நனைந்துபோக, கடைக்காரர் கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது என்று ஒரு கதை. நம்புவது உங்கள் விருப்பம். மிட்டாயில் கடல்நீர் கிடையாது. சர்க்கரைப் பாகு, வெண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஜோசப் ஃபிராலிங்கர் என்பவர் அதைப் பெட்டியில் அடைத்து, ஊருக்குத் திரும்புகிறவர்கள் வாங்கிப்போகும் பண்டமாக மாற்றினார்.

கடலுக்குள் நீண்ட கேளிக்கைப் பாலங்கள் இன்னொரு ரகம். ஸ்டீல் பியர் 1898-இல் திறந்தது. சினிமா, நடனம், சர்க்கஸ் எல்லாம் ஒரே டிக்கெட்டில். அதில் புகழ்பெற்றது குதிரைப் பாய்ச்சல்: உயரமான மேடையிலிருந்து குதிரையும் அதன் மேல் ஒரு பெண்ணும் கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் குதிப்பார்கள். சோனோரா வெப்ஸ்டர் கார்வர் 1931-இல் அப்படிக் குதித்தபோது விழித்திரை கழன்று பார்வையை இழந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கண் தெரியாமலே குதித்துக்கொண்டிருந்தார். வீரம் என்பதா, குரூரம் என்பதா, அந்தக் குதிரைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். இந்தக் காட்சி 1978 வரை நடந்தது. ஹைன்ஸ் ஊறுகாய்க் கம்பெனியும் 1898-இல் தனக்கென ஒரு பாலம் வாங்கியது. உள்ளே போனால் நுழைவுக் கட்டணம் இல்லை; சாப்பிட ஊறுகாய், சட்டையில் குத்திக்கொள்ள வெள்ளரிக்காய் வடிவில் ஒரு சின்ன ஊசி, இரண்டும் இலவசம். 1944 புயலில் அந்தப் பாலம் போய்விட்டது. ஆனால் அந்த ஊசியைக் குத்திக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எத்தனை லட்சமோ.

மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டி பிறந்த காரணமும் கணக்குதான். செப்டம்பர் முதல் வாரத்தோடு அமெரிக்கர்களின் கோடை விடுமுறை முடிந்து ஹோட்டல்கள் காலியாகிவிடும். இன்னும் ஒரு வாரம் கூட்டத்தைப் பிடித்து வைக்க 1921-இல் வியாபாரிகள் கண்டுபிடித்த வழி அது. முதல் கிரீடம் வாஷிங்டனைச் சேர்ந்த மார்கரெட் கார்மன் என்ற 16 வயதுப் பெண்ணுக்கு.

ஊரைத் தள்ளிக்கொண்டு போனவர்கள்

1920-இல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. அட்லாண்டிக் சிட்டியில் அது வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தை இந்த ஊர் மதித்ததில்லை. தொழிலாளிக்கு விடுமுறையே ஞாயிறுதான். அன்று கடையை மூடினால் யாருக்கு விற்பது? ஈனாக் 'நக்கி' ஜான்சன் என்ற குடியரசுக் கட்சித் தலைவர் 1910களிலிருந்து ஊரைக் கைக்குள் வைத்திருந்தார். பதவி என்னவோ மாவட்டக் கஜானா அதிகாரி. குடியிருந்தது ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில். சாராயம், சூதாட்டம், விபசாரம் மூன்றிலும் மாமூல் வந்து சேர்ந்தது; பதிலுக்குப் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டது. 1929 மே மாதத்தில் நாட்டின் பெரிய பெரிய குற்றக் கும்பல் தலைவர்கள், அல் கபோன் உட்பட, இங்கே கூடிப் பேசினார்கள். மதுவிலக்கு இருந்த 13 ஆண்டுகளும் ஊருக்குப் பொற்காலம். நாடு முழுக்கத் தடை செய்த ஒன்று பகிரங்கமாகக் கிடைக்கும் கடற்கரைக்குக் கூட்டம் வராமல் இருக்குமா? 1933-இல் மதுவிலக்கு போனதும் அந்தத் தனிச் சலுகையும் போயிற்று. நக்கி ஜான்சன் 1941-இல் வரி ஏய்ப்பு வழக்கில் சிறை சென்றார்.

இந்தத் திருவிழாவை நடத்திக் காட்டிய உழைப்பு பெரும்பாலும் கறுப்பின மக்களுடையது. தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்து ஹோட்டல் அறைகளைப் பெருக்கியவர்கள், சமைத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், நாற்காலி தள்ளியவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். ஆனால் வேலை முடிந்தால் ரயில் பாதைக்கு அப்பால் 'நார்த்சைடு' பகுதிக்குப் போய்விட வேண்டும். கடலில் குளிக்க மிசௌரி அவென்யூ முனையில் மட்டும் அவர்களுக்கு இடம். குடும்பங்கள் கூடை நிறைய வறுத்த கோழியோடு வந்ததால் 'சிக்கன் போன் பீச்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. வட மாநிலம், சட்டப்படி பாகுபாடு இல்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த நார்த்சைடுக்குள் இன்னொரு ஊர் இயங்கியது. சாரா ஸ்பென்சர் வாஷிங்டன் என்ற கறுப்பினப் பெண்மணி சின்ன அழகு நிலையத்தில் தொடங்கி, ஏபெக்ஸ் என்ற பெயரில் கூந்தல் சாதனங்களும் பயிற்சிப் பள்ளிகளும் கொண்ட பெரிய தொழிலைக் கட்டினார். கென்டக்கி அவென்யூவில் 1935-இல் தொடங்கிய கிளப் ஹார்லெமில் நாட்டின் முன்னணி ஜாஸ் கலைஞர்கள் பாடினார்கள். அங்கே கடைசிக் காட்சி காலை ஆறு மணிக்கு; பெயரே 'பிரேக்பாஸ்ட் ஷோ'. போர்ட்வாக் ஹோட்டல்களில் இரவு வேலை முடித்த பணியாளர்களும் பாடகர்களும், அவர்களோடு தூக்கம் வராத வெள்ளையர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். பகலில் கடற்கரையில் முடியாதது அங்கே முடிந்தது.

இந்த இடத்தில் மோனோபொலிக்குத் திரும்புவது பொருந்தும். நிலப்பிரபுக்கள் வாடகையால் எப்படிக் கொழிக்கிறார்கள் என்று காட்டுவதற்காக எலிசபெத் மாகி என்ற பெண் 1904-இல் காப்புரிமை பெற்ற விளையாட்டு அது. கைமாறிக் கைமாறி அட்லாண்டிக் சிட்டியில் வசித்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் வந்தபோது அவர்கள் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரை எழுதிக்கொண்டார்கள். சார்ல்ஸ் டாரோ என்பவர் அதைத் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லி விற்க, பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனி 1935-இல் வெளியிட்டது. அட்டையில் ஆக மலிவான இரண்டு இடங்கள் மெடிட்டரேனியனும் பால்டிக்கும். அவை இரண்டும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி வழியாக ஓடும் தெருக்கள். ஊரின் இன நிலவரம் விளையாட்டு அட்டையில் விலைப்பட்டியலாகப் பதிந்துவிட்டது. நிலப்பிரபுக்களைக் கண்டிக்கப் பிறந்த விளையாட்டு என்பதுதான் இதில் கசப்பான வேடிக்கை.

விமானம் வந்தது, ஏசி வந்தது

இரண்டாம் உலகப் போரில் ராணுவம் ஹோட்டல்களை எடுத்துக்கொண்டு பயிற்சி முகாமாக்கியது. ஹாடன் ஹால் ஹோட்டல், கை கால் இழந்த வீரர்களுக்கான பெரிய மருத்துவமனையானது. போர் முடிந்ததும் மக்கள் திரும்ப வருவார்கள் என்று ஊர் காத்திருந்தது. வந்தார்கள், ஆனால் குறைந்துகொண்டே வந்தார்கள்.

காரணம் ஒன்றிரண்டல்ல. கார் வைத்திருப்பவருக்கு ரயில் போகும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்தில் புளோரிடா. அங்கே டிசம்பரிலும் வெயில். வெக்கை தாங்காமல் கடற்கரைக்கு ஓடிவந்த நகரவாசிக்கு இப்போது வீட்டிலேயே ஏசி. புறநகர் வீட்டின் பின்கட்டில் நீச்சல் குளம். கூடத்தில் டிவி. இந்த ஊர் விற்ற ஒவ்வொன்றையும் யாரோ வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு இங்கே நடந்தது. மிசிசிப்பி மாநிலக் கறுப்பின மக்களின் வாக்குரிமை மறுப்பைப் பற்றி ஃபேனி லூ ஹேமர் என்ற உரிமைப் போராளி நாடே பார்க்கச் சாட்சியம் சொன்னது அந்த மாநாட்டில்தான். ஊர்க்காரர்களுக்கு அது வேறொரு வகையில் மறக்க முடியாதது. நாடெங்கிலுமிருந்து வந்த பிரதிநிதிகளும் பத்திரிகைக்காரர்களும் ஓடாத லிஃப்டையும் ஒழுகும் அறையையும் பற்றித் தலைநகர் வரை புகார் பாடினார்கள். 1972-இல் டிரேமோர் என்ற மாபெரும் ஹோட்டலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 

இரண்டாவது வாழ்வு

சரி, இனி எதை விற்பது? சூதாட்டம். அப்போது அமெரிக்காவில் கேசினோ சட்டப்படி நடந்த ஒரே மாநிலம் நெவாடா. 1974-இல் நியூ ஜெர்சி முழுக்கக் கேசினோவை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். 1976-இல் அட்லாண்டிக் சிட்டியில் மட்டும் என்று கேள்வியை மாற்றி, வரிப் பணம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போகும் என்று சேர்த்துச் சொன்னார்கள். ஜெயித்தது. தங்கள் ஊரில் வேண்டாம், அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்ற மனநிலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1978 மே 26 அன்று பழைய ஹாடன் ஹால் கட்டடத்தில் ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற முதல் கேசினோ திறந்தது. கதவு திறக்கும் முன்பே போர்ட்வாக்கில் பெருங்கூட்டம். உள்ளே போக மணிக்கணக்கில் வரிசை. அந்த ஆண்டின் மீதி ஏழு மாதத்தில் ஒரே கேசினோ சுமார் 13.4 கோடி டாலர் சம்பாதித்தது. உடனே எல்லோரும் நிலம் வாங்க ஓடிவந்தார்கள். 1980களில் ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேல் வருகை.

ஆனால் எப்படிப்பட்ட வருகை என்பதுதான் கேள்வி. நியூயார்க், பிலடெல்பியாவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். இறங்கியதும் கேசினோவே கையில் சில்லறைச் சுருள் கொடுக்கும். ஸ்லாட் மெஷினில் போட. ஆறு மணி நேரம் கழித்து அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். பாதிப் பேர் கடலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சட்டமும் அதற்குத் துணைபோனது. குறைந்தது 500 அறை உள்ள ஹோட்டலோடுதான் கேசினோ நடத்தலாம் என்று விதி. சின்ன சூதாட்டக் கடைகள் முளைத்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். நடந்ததோ வேறு. சாப்பாடு, கடை, காட்சி எல்லாம் உள்ளேயே வைத்திருந்த, வெளியே முதுகைக் காட்டி நிற்கும் பிரம்மாண்டமான பெட்டிகள் வரிசையாக எழுந்தன. உள்ளே போனவர் வெளியே வரத் தேவையே இல்லை. பெட்டிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடற்கரை நகரம் ஒன்று கேசினோவைச் சேர்த்துக்கொண்டதுபோல் ஆகியிருக்கலாம். கேசினோவுக்குள் நகரம் கரைந்துபோனதற்கு இந்த ஒரு விதிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். பணம் கொழித்த அந்த ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு முழுமையான சூப்பர் மார்க்கெட் இல்லாமல் பல ஆண்டுகளாக மக்கள் பாலத்தைத் தாண்டிப் போய்க் காய்கறி வாங்க வேண்டியிருந்தது.

நில வெறி எந்த அளவு போனது என்பதற்கு ஒரு வீட்டின் கதை போதும். போர்ட்வாக்குக்குப் பக்கத்தில் அறை வாடகைக்கு விடும் மூன்று மாடி வீடு ஒன்று. உரிமையாளர் கணவரை இழந்த ஒரு பெண்மணி. 1970களின் இறுதியில் அங்கே கேசினோ கட்ட வந்த பத்திரிகை முதலாளி ஒருவர் பேசிய விலைக்கு அவர் மசியவில்லை. முதலாளியோ, அந்த வீட்டைச் சுற்றியும் அதன் தலைக்கு மேலேயும் இரும்புச் சட்டங்களை எழுப்ப ஆரம்பித்தார். பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்றது. இரும்புக் கூண்டுக்குள் வீடு பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. அப்புறம் டொனால்டு டிரம்பின் பிளாசா கேசினோ பக்கத்தில் வந்தது. அதன் சொகுசு கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்று மாநில அரசின் அமைப்பே அந்த வீட்டை நில ஆர்ஜிதம் செய்ய முயன்றது. 1998-இல் நீதிமன்றம் அந்தப் பெண்மணியின் பக்கம் தீர்ப்பளித்தது. வீடு தப்பியது. பதினாறு ஆண்டு கழித்து பிளாசாவே மூடிக்கொண்டது வேறு விஷயம்.

டிரம்ப் இங்கே மூன்று கேசினோ நடத்தினார்: 1984-இல் பிளாசா, 1985-இல் காஸில், 1990-இல் தாஜ் மஹால். ஆமாம், அதே பெயர்தான். வண்ண வண்ணக் கோபுரங்கள், வாசலில் கல் யானைகள், தலைப்பாகை கட்டிய காவலாட்கள். ஷாஜகான் தன் கஜானாவிலிருந்து கட்டினார். இவர் 14 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் விற்று 67.5 கோடி டாலர் திரட்டிக் கட்டினார். மறு ஆண்டே திவால் மனு. கண்ணாடி போட்டவர், பியானோ கொடுத்தவர் என்று பல சின்ன ஒப்பந்தக்காரர்களுக்கு முழுப் பணம் வரவில்லை. 2014-இல் மூடிய பிளாசாவை 2021 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தாஜ் மஹால் இருந்த இடத்தில் 2018 முதல் ஹார்டு ராக் கேசினோ நடக்கிறது. யானைகள் போய் கிட்டார் வந்துவிட்டது.

2003-இல் திறந்த போர்காட்டா கேசினோ கொஞ்சம் வித்தியாசமான வழி பிடித்தது. நல்ல உணவகம், இளைஞர்களுக்கான இசை, இரவு தங்க வைக்கும் அறைகள். 2006-இல் ஊரின் சூதாட்ட வருமானம் 520 கோடி டாலரைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் கேசினோ திறந்தது. பிலடெல்பியாக்காரருக்கு இப்போது வீட்டுப் பக்கத்திலேயே ஸ்லாட் மெஷின். நூறு கிலோமீட்டர் எதற்குப் போக வேண்டும்? வருமானம் எட்டே ஆண்டில் பாதியாக விழுந்தது. 240 கோடி டாலர் செலவில் 2012-இல் திறந்த ரெவெல் கேசினோ, 2014-இல் மூடி, மறு ஆண்டு 8.2 கோடிக்கு விலைபோனது. 2014 என்ற அந்த ஒரே ஆண்டில் பன்னிரண்டில் நான்கு கேசினோ மூடி, சுமார் 8,000 பேர் வேலையிழந்தார்கள். சொத்து மதிப்பு சரிய, சொத்து வரியும் சரிந்தது. 2016-இல் மாநில அரசு நகர நிர்வாகத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டது.

லாஸ் வேகஸோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அது பாலைவனத்தில், விமானத்தில் வந்து மூன்று நான்கு இரவு தங்குபவர்களின் ஊர். அங்கே ஹோட்டல்களின் வருமானத்தில் பெரும்பகுதி இப்போது அறை, உணவு, காட்சிகளிலிருந்து வருகிறது. அட்லாண்டிக் சிட்டிக்கு வருபவர் காரில் வந்து காரில் போகிறவர். பக்கத்தில் கிடைத்தால் அங்கே போய்விடுவார்.

இன்று போனால்

இப்போது ஒன்பது கேசினோக்கள் நடக்கின்றன. 2013 நவம்பரில் நியூ ஜெர்சியில் இணையச் சூதாட்டம் தொடங்கியது. 2018-இல் விளையாட்டுப் பந்தயமும் வந்தது. 2024-இல் இவை எல்லாம் சேர்ந்து 600 கோடி டாலரைத் தாண்டின. கணக்கில் பழைய உச்சத்தை மிஞ்சியாயிற்று. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஊருக்கு வராமல் செல்போனில் விளையாடுபவர்களின் பணம். அவர்கள் அறை எடுப்பதில்லை, டாஃபி வாங்குவதில்லை.

சூதாட்டத்தில் நாட்டம் இல்லாதவருக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. நியூ ஜெர்சிக் கடற்கரைகள் பலவற்றில் கோடையில் இறங்கவே காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், இங்கே இலவசம். காலையில் போர்ட்வாக்கில் நடந்தால் சைக்கிள்காரர்களும் கடற்புறாக்களும்தான் கூட்டம். 1857-இல் ஏற்றிய அப்சீகன் கலங்கரை விளக்கத்துக்கு 228 படி. மேலே ஏறினால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வெறிச்சோடிய மனைகளும் ஒரே பார்வையில் தெரியும், ஊரைப் புரிந்துகொள்ள அதுவே போதும். 1929-இல் கட்டிய போர்ட்வாக் ஹாலில் 33,000 குழல்களுக்கு மேல் கொண்ட ஆர்கன் இருக்கிறது, உலகிலேயே பெரியது. பல காலம் பழுதாகிக் கிடந்ததைப் பகுதி பகுதியாகச் சீர்செய்து வாசிக்கிறார்கள். தெற்கே சில கிலோமீட்டரில் மார்கேட்டில் லூசி என்ற ஆறு மாடி மர யானை. மனை விற்கும் ஒருவர் வாடிக்கையாளரைக் கவர 1881-இல் கட்டியது. காலுக்குள் இருக்கும் படியில் ஏறி முதுகு வரை போகலாம். பசித்தால் ஆர்க்டிக் அவென்யூவில் 1946 முதல் நடக்கும் ஒயிட் ஹவுஸ் சப்ஸ். ஒரு முழு சாண்ட்விச் இரண்டு பேருக்குத் தாராளம்.

ரயில் இன்னும் ஓடுகிறது. பிலடெல்பியாவிலிருந்து ஒன்றரை மணி நேரம். காரில் வரும் கூட்டத்துக்கு முன் இதில் வருபவர்கள் கொஞ்சம்தான். ஊருக்குள் சுற்ற 1915 முதல் ஓடும் ஜிட்னி எனும் சிற்றுந்துகள் உண்டு. போர்ட்வாக்கின் டி-ஷர்ட் கடையிலும் கேசினோ மேசைகளுக்குப் பின்னாலும் தெற்காசிய முகங்கள் நிறையத் தெரியும். பங்களாதேஷிலிருந்து வந்து குடியேறியவர்களின் சமூகம் இங்கே பெரியது. ஒரு காலத்தில் தென் மாநிலக் கறுப்பின மக்கள் செய்த வேலைகளில் பலவற்றை இன்று இவர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் பகிர்ந்து செய்கிறார்கள். நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே.

தண்ணீரும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் இந்த ஊருக்கு அருகில்தான் கரை கடந்தது. போர்ட்வாக் முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது என்று டிவிகள் அலறின. போனது ஏற்கெனவே சிதிலமாகிக் கிடந்த வடகோடித் துண்டு மட்டும். சுற்றுலாப் பகுதி அப்படியே இருந்தது. அடி வாங்கியது தீவின் மறுபக்கம், காயலை ஒட்டிய குடியிருப்புகள். கடந்த நூறு ஆண்டுகளில் இங்கே கடல்மட்டம் ஓர் அடிக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. பௌர்ணமி ஓதத்தில் அந்தத் தெருக்களில் மழை இல்லாமலே தண்ணீர் நிற்கும்.

அடுத்த போட்டி வடக்கிலிருந்து. நியூயார்க் நகரப் பகுதிக்கு மூன்று முழுக் கேசினோ உரிமங்கள் தர 2022-இல் அந்த மாநிலம் வழி திறந்தது. 1978-இல் முதல் கேசினோ வாசலில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் நியூயார்க், பிலடெல்பியா இரண்டிலிருந்தும் வந்தவர்கள். பிலடெல்பியாவை அட்லாண்டிக் சிட்டி 2006-லேயே இழக்க ஆரம்பித்துவிட்டது.